மாப்பிள்ளையின் பங்கு

எங்கள் வீட்டில் தட்டு வைத்து, தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து உபசரித்துச் சோறு போட்ட ஒரே மாப்பிள்ளை ஒரு நாய்தான். அதன் எஜமானி அதற்கு வைத்த பெயர் மஃபின். அது ஏதோ ஒரு வகை ரொட்டியின் பெயராம். எங்கள் லைன் வீடுகளில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. மாப்பின் என்றார்கள், பிறகு மாப்ளே என்றார்கள். ஒரு வாரத்துக்குள் அது முழு மாப்பிள்ளையாகிவிட்டது.

நாங்கள் அப்போது சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். முன்னறையில் அப்பா, அம்மா, நான். பின்னறையில் சித்தப்பாவும் சித்தியும். நடுவில் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான சமையலறை. அப்பா மில்லுக்குப் போவார். சித்தப்பா கண்டோன்மென்டில் ஒரு துரைசாணியின் பங்களாவில் தோட்டத்தையும் நாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் எல்லாம் கப்பலேறிப் போன பிறகும், புருஷனைப் புதைத்த ஊர் இது என்று போகாமல் இருந்துவிட்ட கிழவி அவள். சீமையில் அவளுடைய தங்கைக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்ததும், பங்களாவைப் பூட்டிவிட்டு, நாயைச் சித்தப்பாவின் கையில் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டாள். கறிக்கடை பாயிடம் சொல்லி வைத்திருந்தாள்: தான் திரும்பி வரும்வரை நாய்க்கு எலும்போடு நல்ல கறி தினமும் தரவேண்டும், வந்து மொத்தமாகத் தீர்த்துவிடுவாள்.

சித்திக்கு அப்போது உடம்பு சரியில்லை. அவள் தங்கவயல்காரி. அவளுடைய அப்பா சுரங்கத்தில் வேலை செய்து, நெஞ்சில் கல்தூசி ஏறி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். சித்தி கல்யாணமாகி வந்தபோது தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவாளாம். முதல் பிள்ளை பிறந்த வேகத்தில் இறந்துபோனது. அதன் பிறகு அவளுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் இருமல். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மருந்து பாதி, சாப்பாடு பாதி, ஆட்டுக்கறி சூப்பு கொடுங்கள் என்றார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகூட எல்லா வாரமும் கறி எடுப்பதில்லை.

சித்தப்பா செய்த தந்திரம் இதுதான். பாயிடமிருந்து நாய்க்கென்று வந்த கறியைச் சித்திக்குச் சூப்பாக்கினார். நாய்க்குக் காய்கறி போட்டார். சித்தியிடம், கறிக்கடை பாய் தனக்குச் சிநேகிதம், மிஞ்சினதைச் சும்மா கொடுக்கிறார் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு உண்மை தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம், நாய்க்குக் காய் போடுவது ஒரு வேடிக்கை என்பது மட்டும்.

முதல் நாள் அது வேடிக்கையாக முடியவில்லை. சித்தப்பா ஒரு பெரிய கேரட்டைத் துண்டு துண்டாக நறுக்கிப் பச்சையாகவே போட்டார். மாப்பிள்ளை மோந்து பார்த்தது, எங்களை ஒருமுறை பார்த்தது, பிறகு வேறு வழியில்லை என்று ஒரு துண்டை அப்படியே விழுங்கியது. அது தொண்டையில் போய் அடைத்துக்கொண்டது. கண் பிதுங்கிவிட்டது. சித்தப்பா அதன் வாயைப் பிளந்து விரலை விட்டுத் துண்டை நெம்பி எடுப்பதற்குள் அவருக்கே வேர்த்துக் கொட்டியது. மறுநாள் முட்டைகோஸ் போட்டார். அது விட்ட காற்றில் வீட்டில் யாராலும் உட்கார முடியவில்லை. அப்பா அன்று சந்தில் நின்றுகொண்டுதான் சாப்பிட்டார்.

மூன்றாம் முறை சித்தப்பா புத்தி வந்து, மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த தெரிந்தவர் ஒருவரிடம் போய்க் கேட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கம்பவுண்டர் ஒரு கழுதைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"வெங்காயம், பூண்டு ரெண்டையும் கிட்டவே காட்டாதே. வெங்காயம் நாயோட ரத்தத்தையே கெடுத்துடும். முளைவிட்ட உருளைக்கெழங்கு வேணாம். மத்த காயெல்லாம் குழைய வேகவெச்சு, நல்லா மசிச்சுப் போடு. கொட்டை, நாரு எடுத்துடு. உப்பு, காரம், தாளிப்பு ஒண்ணும் கூடாது. புதுசா ஒரு காய் குடுத்தா மொதல்ல ஒரு கரண்டி. வயிறு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் ஏத்து."

"கறியே வேணாமா?" என்றார் சித்தப்பா, ஆசையோடு.

"நிறுத்திப்புடாதே. அது நாய்ப்பா, ஆடு இல்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் சித்தப்பா யோசனையிலேயே வந்தார். அந்த யோசனையில்தான் அவருடைய நியாயம் பிறந்தது. கறியை முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக வேகவைப்பார். சாறெல்லாம் இறங்கின பிறகு, சக்கையான கறியை எலும்பிலிருந்து உதிர்த்து எடுத்து, மசித்த காயில் கலந்து மாப்பிள்ளைக்கு வைப்பார். அதற்குப் பிறகுதான் சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுச் சித்தியின் சூப்பைத் தாளிப்பார். வெந்த எலும்பு நாய்க்கு ஆகாது, குத்திவிடும் என்று அதைக் குழி தோண்டிப் புதைப்பார். "மாப்ளைக்கும் துரோகம் இல்ல, பொண்டாட்டிக்கும் துரோகம் இல்ல" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள். "தொரசாணி வந்து கேட்டா இன்னா சொல்லுவே?" என்பாள். "வரட்டும் அண்ணி, அப்போ பாத்துக்கலாம்."

சாயங்காலம் மார்க்கெட் கலையும் நேரத்தில் சித்தப்பா ஒரு சாக்கோடு போவார். அடிபட்ட பரங்கிக்காய், வளைந்த கேரட், முற்றின பீன்ஸ், சீமைக்கத்திரிக்காய் என்று வாரிக்கொண்டு வருவார். முற்றத்தில் தனியாக ஒரு சட்டி. அதில் எங்கள் வீட்டுக் கரண்டி எதுவும் படக்கூடாது, வெங்காயம் தொட்ட கரண்டியாக இருக்கும். மசித்த பரங்கிக்காயை வைத்ததும் மாப்பிள்ளையின் நீளக் காது இரண்டும் தட்டுக்குள் விழும். என்னுடைய ரிப்பனை எடுத்து அந்தக் காதுகளைத் தலைக்கு மேல் சேர்த்துக் கட்டிவிடுவார். பிறகு என்னையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்பார்.

"பரங்கிக்கா?"

"போடலாம்!"

"பீன்ஸு?"

"வேகவெச்சுப் போடலாம்!"

"வெங்காயம்?"

"கூடாது, கூடாது, கூடாது!" என்று நாங்கள் கத்துவதில் சந்தே அதிரும். பின்னறை வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் சித்தியும் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். போகப்போக இருமல் வராமலே சிரித்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. வளையல் முன்கையிலிருந்து மணிக்கட்டுக்கு நழுவி விழாமல் நின்றது. தை பிறந்தபோது அவளே வாசலில் உட்கார்ந்து கோலம் போட்டாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, யாரிடமோ சொல்வதுபோல, "தேறிட்டா" என்று மட்டும் சொன்னாள்.

துரைசாணி திரும்பி வந்தாள். நாயைக் கொண்டுபோய் விட்டபோது சித்தப்பாவுக்கு உதறல்தான். ஆனால் நடந்தது வேறு. பங்களாவில் கறியும் பிஸ்கட்டும் தின்று பீப்பாய்போல இருந்த மாப்பிள்ளைக்கு இப்போது இடுப்பு இருந்தது. ரோமம் மினுமினுத்தது. முன்பு படி ஏறினால் இரைக்கும், இப்போது ஒரே தாவல். துரைசாணி ஆச்சரியப்பட்டு, "என்ன செய்தாய்?" என்று கேட்கவும், சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காய்கறிக் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். கறிக் கதையை மட்டும் சொல்லவில்லை.

அவள் அதோடு விட்டிருக்கலாம். நன்றி சொல்லத் தானே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் சந்துக்குள் கார் நுழையாது. முனையில் காரை நிறுத்திவிட்டு, கையில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு, நாய் முன்னால் இழுக்க, சித்தப்பா பின்னால் வர, அவள் நடந்து வந்ததைப் பார்க்கச் சந்தே வாசலில் நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டோம். மாப்பிள்ளை நேராகப் பின்னறைக்கு ஓடிச் சித்தியின் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

துரைசாணிக்கு முப்பது வருஷத்துத் தமிழ் இருந்தது. எல்லாம் வேலைக்காரர்களிடம் பேசிப் பழகிய தமிழ்.

"முன்னே இவனுக்குத் தொந்தி. இப்போ பாரு! நாய் டாக்டர் ரொம்ப குஷி. நீ தினம் காய் வேகவெச்சுது?" என்று சித்தியைக் கேட்டாள்.

"அவருதாங்கம்மா செஞ்சாரு" என்றாள் சித்தி.

"ரொம்ப நல்லது. ஆனா எனக்கு ஒரு டவுட்டு." துரைசாணி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "கறிக்கடை பாய் தினம் கறி குடுத்துது. நான் காசு குடுத்துது. மஃபின் இவ்வளவு காய் தின்னா, கறி எல்லாம் எங்கே போச்சு?"

அம்மா சட்டென்று, "அதையும் காயோட சேத்துத்தாம்மா போட்டோம்" என்றாள். பாதி நிஜம். சித்தப்பா தரையைப் பார்த்தார். சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தது எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் பிஸ்கட் டப்பாவின் மூடியில் இருந்த குதிரை வண்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தியின் குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"நான் சாப்ட்டேம்மா."

துரைசாணியின் சிரிப்பு நின்றது. சித்தியின் கழுத்தெலும்பையும் மணிக்கட்டையும் பார்த்தாள். சுவரோரம் இருந்த மருந்துப் புட்டியைப் பார்த்தாள். அவள் பொல்லாதவள் இல்லை. எழுந்து வந்து சித்தியின் தோளில் கை வைத்தாள். "நாளையிலேருந்து அந்தக் கறி உனக்கு. நான் பாய்கிட்ட சொல்லுது. நாய்க்கு என் வீட்டில் காய், முட்டை போதும்" என்றாள். அம்மா அவள் காலில் விழாத குறை. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள்துண்டால் துடைத்தார். சித்தி இரண்டு கையையும் கூப்பினாள். எங்களுக்கு ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய நல்ல காலம் வந்துவிட்டதாகவே நான் நினைத்தேன். பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

விளக்கு வைத்த நேரத்தில் பின்னறையில் பேச்சுக் கேட்டது.

"பாய் சிநேகிதம்னு சொன்னியே."

"நெசத்தைச் சொன்னா நீ குடிச்சிருக்கமாட்டே."

"ஆமா, மாட்டேன். எங்கப்பா சொரங்கத்துல மண்ணைத் தின்னாரு. இன்னொரு ஜீவனோட தட்டுலேருந்து எடுத்துத் தின்னதில்ல."

"ஏம்மே, உன் உசுரு பெருசா, நாய்த் தட்டு பெருசா? இப்போ அவங்களே குடுத்துட்டாங்க. இன்னும் இன்னா?"

அம்மா என்னை வெளியே போய் விளையாடச் சொன்னாள்.

பாய் கடையிலிருந்து கறி வருவது தொடர்ந்தது. இப்போது அது ஊருக்கே தெரிந்த கறி. குழாயடியில் ஒருத்தி, "உங்க வீட்டுக்கு நாய்க்கறி வருதாமே" என்று சிரித்தாள். நாய்க்கு வந்த கறி என்றுதான் சொல்ல நினைத்திருப்பாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் கூடச் சிரித்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

சித்தப்பா முன்போலவே சூப்பு வைத்தார். முதல் இரண்டு நாள் சித்தி குடித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு ஒருநாள், "இனிமே வெங்காயம், பூண்டு போடாதே. அந்த வாசனை எனக்கு ஒமட்டுது" என்றாள். "உப்பும் வேணாம். மிளகும் வேணாம். வெறுமனே வேகவெச்ச தண்ணியா குடு, அதான் எறங்குது."

சித்தப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா விரல்விட்டு எதையோ எண்ணினாள். பிறகு இரண்டு பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. வாசனை பிடிக்கவில்லை, குமட்டுகிறது, போன மாதமும் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. வேறு என்ன? சித்தப்பா அன்று சாயங்காலமே மார்க்கெட்டிலிருந்து ஒரு மாங்காய் வாங்கிவந்தார். அம்மா நேராகவே கேட்டுவிட்டாள். சித்தி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாக்கலாங்க்கா" என்றாள். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "சித்திக்குப் பாப்பா வரப்போவுது. அவ மடியில ஏறி உக்காராதே" என்று சொல்லி வைத்தாள்.

அந்த நாட்களில் சித்தப்பா தினமும் சாயங்காலம் நாயை உலாத்த அழைத்துவருவார். எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டுக் காய் பொறுக்க மார்க்கெட்டுக்குப் போவார். பங்களாவுக்கு வேண்டிய நல்ல காயைத் துரைசாணி வாங்கித் தருவாள். ஆனாலும் பழகின கால் கேட்காது. அம்மா குழாயடியில் இருப்பாள். அப்போது சித்தி பின்னறையிலிருந்து சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மெல்ல வருவாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். மாப்பிள்ளையின் காதுகளைத் தன் கையாலேயே மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கொடுப்பாள். கறியையும் ஒவ்வொன்றாகப் பிய்த்து ஊட்டுவாள். அது நக்கி முடித்த பிறகு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"உனக்கு வேணாமா சித்தி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுக்கு நான் தரவேண்டியது கொஞ்சம் இருக்குது கண்ணு" என்றாள்.

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மாப்பிள்ளை என்றால் எனக்கும் உயிர். நானும் என் சோற்றில் ஒரு பிடி அதற்கு எடுத்து வைப்பவள்தான். வெங்காயம் இல்லாமல், பூண்டு இல்லாமல், உப்பில்லாமல் சூப்புக் கேட்டது யாருக்காக என்பதை, அந்த வாய்ப்பாட்டைத் தொண்டை கிழியக் கத்திய எனக்கே தெரியவில்லை.

துரைசாணி சித்தப்பாவைத் திட்டினாள் என்று கேள்விப்பட்டேன். மறுபடியும் தொந்தி வருகிறது, நீ திருட்டுத்தனமாகக் கறி போடுகிறாய் என்றாளாம். கறி போடாமல் இருந்ததற்காகப் பாராட்டு வாங்கிய சித்தப்பா, போடாத கறிக்காகச் சத்தியம் செய்துவிட்டு வந்தார். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு அப்போது எதற்கும் சிரிப்பு வந்தது. பாயிடம் சொல்லி ஈரல் வாங்கிவந்தார். தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி பலமாக இருக்கிறதா என்று தொங்கிப் பார்த்தார்.

சித்தியின் வளையல் மறுபடியும் நழுவத் தொடங்கியது. மசக்கை என்றால் அப்படித்தான் இளைக்கும் என்றாள் அம்மா. ஒருநாள் காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இருமலில் முந்தானை சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உடம்பு வற்றிப்போனால் பெண்களுக்கு மாதக்கணக்கு தானே நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொன்னதை அம்மா பல வருஷம் கழித்து, நான் பிள்ளை பெற்ற பிறகுதான், என்னிடம் சொன்னாள். சூப்பு எங்கே போயிற்று என்பதை நான் அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். அதைக் குடித்திருந்தால் சித்தி பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்லமுடியாது. அவளுடைய அப்பாவின் நெஞ்சுதானே அவளுக்கும். ஆனால் அந்தத் தையில் அவள் வாசலில் உட்கார்ந்து கோலம் போட்டதை நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம்.

தங்கவயலிலிருந்து சித்தியின் அம்மா வந்தாள். தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கூட்டிப்போனாள். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எங்கள் சந்தில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் எல்லோரும் ஒருநாள் அப்படித்தான் அம்மா வீட்டுக்குப் போவார்கள், பிறகு குழந்தையோடு வருவார்கள். ஸ்டேஷனில் சித்தப்பா சித்தியை இரண்டு கையிலும் ஏந்தி ரயிலில் ஏற்றினார். பிள்ளை சுமப்பவள் நடக்கக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சித்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். "சீக்கிரம் பாப்பாவைக் கொண்டா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கவயலுக்குப் போய்வந்தார். பிறகு ஒருமுறை போனவர் அந்த வாரம் முழுவதும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் முதலில் திரும்பி வந்தார்கள். அம்மா வந்ததும் வீட்டை அலம்பிவிட்டாள். பாப்பா வருவதற்காகத்தான் அலம்புகிறாள் என்று நானும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடவே கூட்டினேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையில் சித்தப்பா வந்தார். மொட்டை அடித்திருந்தார். எனக்குக் கைகொள்ளாத சந்தோஷம். எதிர்வீட்டில் பிள்ளை பிறந்தபோது அந்த அண்ணனும் வேண்டுதல் என்று திருப்பதிக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டுதான் வந்தார். நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாப்பா பொறந்துடுச்சா சித்தப்பா? பையனா, பொண்ணா?"

அம்மா உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லி அதட்டினாள். சித்தப்பா அவளைக் கையமர்த்தினார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"பொண்ணுதான் கண்ணு" என்றார்.

நான் அவருடைய வேட்டியை விட்டுவிட்டுச் சந்துக்குள் ஓடினேன். ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று, எங்கள் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொன்னேன். குழாயடியில் நின்ற பெண்களிடமும் சொன்னேன். அவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவினார்கள். ஒருத்தியாவது இல்லை என்று சொல்லவில்லை.